இசைத்தட்டு உறையில் இல்லாதவர்கள்

சென்ற தவணையில் தரம் 10 மாணவன் ஒருவன் தன் சித்திரக் கொப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். நான் சித்திர ஆசிரியன் அல்லன். தமிழ் படிப்பிப்பவன். வலிகாமத்தின் ஒரு மூலையில் இருக்கும் எங்கள் சிறிய பாடசாலையில் சித்திரத்துக்கு ஆளில்லாததால் அந்தப் பாடவேளையும் என் தலையில் விழுந்திருக்கிறது. கைப்பேசியில் பார்த்த இசைத்தட்டு உறையொன்றைப் பையன் பார்த்து வரைந்திருந்தான். நடுவில் ஒரு பெண்முகம். சுற்றிவரத் தாங்கிகள், குண்டுகள், துப்பாக்கிகள். அவற்றினிடையே புலி.

"சேர், இவ எங்கட ஆளாம். லண்டனில பெரிய பாட்டுக்காரியாம். கவரையும் அவவே கீறினவவாம்" என்றான்.

"இது என்ன புலி எண்டு தெரியுமோ?" என்று கேட்டேன்.

"சும்மா புலிதான் சேர். டிசைன்."

அவன் பிறந்தபோது போர் முடிந்திருந்தது. அவனில் பிழையில்லை. கொப்பியைத் திருப்பிக் கொடுத்து, இதை வீட்டில் வைத்துக்கொள், வெளியில் கொண்டு திரியாதே என்று மட்டும் சொன்னேன். அந்த இயக்கத்தின் படங்களை முகநூலில் இட்டதற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இளைஞர்கள் கைதான நாடு இது. ஆனால் அன்றிரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது சட்டமன்று. "டிசைன்" என்ற அந்தச் சொல்தான்.

அந்தச் சொல்லைப் பையன் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. வயது வந்தவர்கள், படித்தவர்கள், விமர்சகர்கள் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவருவதைத்தான் அவனும் சொன்னான். மாதங்கி அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ.யின் இசைத்தட்டு உறைகளைப் பற்றி நம்மிடையே இரண்டு வகையான பேச்சுத்தான் உண்டு. ஒரு சாரார், யாழ்ப்பாணத்தின் கலை உலகத்தை வென்றுவிட்டது என்று சிலாகிப்பார்கள். மற்றச் சாரார், அவர்களில் நம்மவர் பலர், அது புலிப் பிரசாரம் என்று ஒரு வரியில் தீர்ப்பெழுதிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இரு சாராரும் அந்த உறைகளை நின்று பார்க்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. பார்த்தவர் பேசவேண்டிய விடயம் வேறாக இருக்கிறது.

*

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பாடகர் ஒருவரின் இசைத்தட்டு உறைக்கு அந்தப் பாடகரைப் பொறுப்பாக்கலாமா? பெரும்பாலும் முடியாது. என் வாப்பாவின் தையற்கடையில் நாகூர் ஹனிபாவின் ஒலிநாடாக்கள் ஒரு வரிசை இருந்தன. பிறை, மினாரா, பாடகரின் முகம், ஒரு மூலையில் கம்பனியின் முத்திரை. அந்தப் படங்களைப் போட்டது கம்பனி. பிறையின் வளைவு கோணலாக இருந்தால் அதற்காக ஹனிபாவை யாரும் கேட்கமாட்டார்கள். அவருடைய கலை அவருடைய குரலில் இருந்தது.

எம்.ஐ.ஏ.யின் கதை தலைகீழானது. அவரிடம் பாட்டுக்கு முன்பே படம் வந்துவிட்டது. 1975 இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, 1986 இல் தாயுடனும் உடன்பிறப்புகளுடனும் அகதியாக மீண்டும் லண்டன் போனவர். சென்ட்ரல் செயின்ற் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் திரைப்படமும் காணொளியும் படித்தார். எலாஸ்ரிகா என்ற ஆங்கில இசைக்குழுவின் 2000 ஆம் ஆண்டு இசைத்தட்டுக்கு உறைப்படம் செய்தார். 2001 இல் லண்டன் போர்ட்டபெல்லோ வீதிக் கடையொன்றில் தன் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். ஸ்ரென்சில் வெட்டி, இனிப்புக் கடதாசி நிறங்களில் தெளிகருவியால் மை அடித்த படங்கள். புலிகள், துப்பாக்கிகள், பனைகள். அந்தப் படங்கள் 2002 இல் ஒரு சிறு புத்தகமாகவும் வந்தன. அதற்குப் பின்புதான் பாட்டு. 2003 இல் 'கலாங்' என்ற முதற் பாட்டு 500 பிரதிகள் மட்டும் அச்சிடப்பட்டு வெளியானது. அதன் காணொளியில் அவர் ஆட, பின்சுவரில் அதே ஸ்ரென்சில் படங்கள் ஆடின. 2005 இல் 'அருளர்' வந்தபோது அதன் உறையை அவரும் கல்லூரித் தோழர் ஸ்ரீவ் லவ்ரிட்ஜும் சேர்ந்து செய்தார்கள். 2012 இல் அவருடைய படங்களும் உறைக்கலையும் ஒரு பெரிய நூலாகவே தொகுக்கப்பட்டன.

ஆகவே இங்கே உறை என்பது பாட்டைச் சுற்றிய காகிதமன்று. ஓர் ஓவியரின் ஓவியம் அது. ஓவியரைக் கேட்கவேண்டிய கேள்வியை இவரிடம் கேட்கலாம், கேட்கவேண்டும். கேட்காமல் விடுவதுதான் அவரை அவமதிப்பது.

*

ஸ்ரென்சில் என்றால் என்னவென்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரோனியோ இயந்திரத்தில் தவணைப் பரீட்சை வினாத்தாள் அடித்த காலத்தை என் வயதுக்காரர் மறக்கமாட்டார்கள். சாக்கிலும் தேயிலைப் பெட்டியிலும் எழுத்துப் பதிக்கும் தகரமும் அதே தொழில்தான். வெட்டிய இடத்தால் மை போகும். வெட்டாத இடத்தைத் தகரம் மறைத்துக்கொள்ளும். ஒருமுறை வெட்டிவிட்டால் ஆயிரம் தடவை அடிக்கலாம். ஆயிரமும் ஒன்றுபோலவே இருக்கும்.

இந்தத் தொழிலுக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, வேகம். பொலிஸ் வருமுன் சுவரில் அடித்துவிட்டு ஓடலாம். எழுபதுகளிலிருந்து உலகத்தின் கிளர்ச்சிக்காரரெல்லாம் இதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். மற்றது, அது நடுத்தரத்தை அறியாது. மையுண்டு அல்லது மையில்லை. நிழல், சாயல், தயக்கம் எதற்கும் அதில் இடமில்லை. முகமொன்றை ஸ்ரென்சிலாக வெட்டினால் கண்ணிமைக்குக் கீழுள்ள கவலை முதலில் போய்விடும்.

'அருளர்' உறையில் இந்த இரண்டு குணமும் வேலைசெய்கின்றன. தாங்கியும் குண்டும் துப்பாக்கியும் புலியும் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வந்து, புடைவைக் கரைபோல் ஒரு வேலைப்பாடாகிவிடுகின்றன. கண்ணுக்கு அழகுதான், மறுக்கவில்லை. வறண்ட ஐரோப்பிய இசைத்தட்டுக் கடையில் அந்த உறை எப்படிப் பளிச்சிட்டிருக்கும் என்று என்னால் ஊகிக்கமுடிகிறது. அகதி வீட்டுப் பிள்ளை, வெள்ளைக்காரரின் கடைத்தட்டில் தன் தந்தையின் இயக்கப் பெயரைப் பெரிய எழுத்தில் வைத்தாள் என்பதில் ஒரு துணிவும் இருக்கிறது. பெயரை மாற்றும்படி தந்தையே கேட்டதாகவும் தான் மறுத்ததாகவும் அவர் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் எங்கள் சுவர்களில் புலி வேலைப்பாடாக இருந்ததில்லை. அது உத்தரவாக இருந்தது.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்தது. எல்லோரையும் ஜின்னா மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். கையில் 150 ரூபாவுடன் போகச் சொன்னார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து அந்த இரண்டு கிழமைக்குள் விடுதலைப் புலிகள் வெளியேற்றிய முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். எனக்கு அப்போது பத்து வயது. நான் புத்தளத்தில் ஓலைக்கொட்டிலில் வளர்ந்து, கலாசாலையில் பயிற்சி முடித்து, பிறந்த மண்ணுக்கு ஆசிரியனாகத் திரும்பிவந்த கதையை இங்கே விரிக்க வரவில்லை. அதை இந்தப் பக்கங்களில் என்னிலும் நன்றாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்லவருவது ஒன்றே. எவருடைய வீட்டு வாசலில் ஒரு சின்னம் உத்தரவாக வந்து நின்றதோ, அவர்களுக்கு அது இனி ஒருபோதும் டிசைன் ஆகாது.

*

இனி, சிலாகிப்பவர்களுக்கு.

அவர்களின் முதல் வாதம், புலி சோழர் காலத்துச் சின்னம், தமிழரின் பொதுச்சொத்து என்பது. சரி. அப்படியானால் அதைத் தனியே நிறுத்திக்காட்டட்டும். ஒரு சின்னத்தின் பொருள் அதன் பக்கத்தில் நிற்பவற்றால் தீர்மானிக்கப்படுகிறது. ஆலமரத்தருகே நிற்கும் புலி காட்டுப் புலி. துப்பாக்கியருகே நிற்கும் புலி எந்தப் புலியென்று யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் அன்று சொல்லியிருக்கும். சோழனை இழுத்துவருவது வாதத்தில் ஒளிந்துகொள்ளும் வேலை.

இரண்டாவது வாதம், கலைஞர் தான் கண்டதை வரைந்தார் என்பது. இதில் பாதி உண்மை. 1986 இல் பத்து வயதுச் சிறுமியாக யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவர் அரச படைகளின் குண்டுகளைக் கண்டார். இயக்க அண்ணன்மாரைக் கண்டார். 1990 ஐக் காணவில்லை. அதற்காக அவரை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் உறை வெளிவந்தது 1986 இல் அன்று, 2005 இல். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2002 ஏப்ரலில், கிளிநொச்சியில் உலகச் செய்தியாளர் எல்லோரும் கூடிய மாநாட்டில் அந்த இயக்கத்தின் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் வெளியேற்றத்துக்காக வருத்தம் தெரிவித்துவிட்டார். வெளியேற்றியவர்களே ஒத்துக்கொண்ட செய்தி அது. தேடினால் கிடைக்கும் செய்தி. தேடவில்லை. சிறுவயது நினைவை முப்பது வயதில் ஆயிரக்கணக்கில் அச்சிடுபவருக்கு, இடையில் என்ன நடந்ததென்று பார்க்கும் கடமை உண்டு.

மூன்றாவது, உறை என்பது அதிர்ச்சி தருவதற்கே என்ற வாதம். 1977 இல் செக்ஸ் பிஸ்ரல்ஸ் குழுவின் இசைத்தட்டுக்காக ஜேமி ரீட் என்ற ஓவியர் இங்கிலாந்து அரசியின் கண்ணையும் வாயையும் வெட்டியொட்டிய எழுத்துகளால் மூடினார். அதைத்தான் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். நல்ல உதாரணம். ஆனால் கவனியுங்கள். ரீட் தன் நாட்டில், தன் தலைக்கு மேலிருந்த அதிகாரத்தின் முகத்தை மூடினார். அவருக்கு விழக்கூடிய அடி அவர் வாழ்ந்த தெருவிலேயே விழும். பிரித்தானியா 2001 இல் அந்த இயக்கத்தைத் தடைசெய்திருந்தது, ஆகவே எம்.ஐ.ஏ.யும் அபாயத்தை ஏற்றார் என்பார்கள். ஏற்றார்தான். 2006 இல் அமெரிக்க விசா மறுக்கப்பட்டது. பயங்கரவாதி என்று ஏசினார்கள். அதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். அதிர்ச்சி தரும் உரிமையையும் ஒத்துக்கொள்கிறேன். நான் கேட்பது, அந்த அதிர்ச்சியில் யாருடைய காயம் கணக்கில் வந்தது, யாருடையது வரவில்லை என்பதை மட்டும்தான். ரீட்டின் படத்தில் மறைக்கப்பட்ட முகம் ஆள்பவருடையது. 'அருளர்' உறையில் மறைந்துபோன முகங்கள் ஆளப்பட்டவர்களிலும் கீழே கிடந்தவர்களுடையவை.

மேற்கத்திய விமர்சகர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மாதங்கியின் தந்தை அருட்பிரகாசம் 1975 இல் லண்டனில் உருவான ஈரோஸ் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர். 1977 கலவரத்தின் பின் அகதிகளை ஏற்றிவந்த கப்பலை வைத்து 'லங்கா ராணி' என்ற நாவலை எழுதியவர். நம் வாசகர்களுக்கு அவர் ஓர் எழுத்தாளர். 2019 இல் காலமானார். அவரைப் புலித் தலைவர் என்று எழுதிய ஆங்கிலப் பத்திரிகைகள் எத்தனை! ஈரோஸ் எது, புலி எது என்ற வித்தியாசம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. உறையில் புலி இருந்தது; அது போதுமாக இருந்தது. தந்தையின் பெயரை வைத்து, அவர் சேராத இயக்கத்தின் விலங்கை அதே உறையில் வரைந்தால் அந்தக் குழப்பம் வராமல் என்ன செய்யும்? ஸ்ரென்சில் வித்தியாசங்களை விழுங்கும் என்று மேலே சொன்னேனே, முதலில் விழுங்கப்பட்டவர் அவருடைய வாப்பாதான்.

*

இப்போது நம்மவர்களுக்கு. இதைச் சொல்வதுதான் எனக்குக் கடினம்.

"புலிப் பிரசாரம்" என்று ஒரு வரியில் முடிப்பவர்களே, அந்தத் தீர்ப்பை எந்தப் படத்தைப் பார்த்து எழுதினீர்கள்? உறையிலுள்ள தாங்கி யாருடையது? தாங்கி அரசிடம் இருந்தது. தமிழ்க் கிராமங்களின் மேல் குண்டு விழுந்தது பொய்யா? 2009 இன் தொடக்கத்தில் வன்னியில் சனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் அதைச் சொன்ன மிகச்சில குரல்களில் அந்தப் பெண்ணுடையதும் ஒன்று. அந்த இறுதி மாதங்களில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் அறிக்கையிட்டது. அன்று அவரைப் பயங்கரவாதி என்றவர்கள் அந்த மரணங்களைப் பற்றிப் பேசாதிருக்கவே அப்படிச் சொன்னார்கள். அந்த வாயிலிருந்து வந்த சொல்லை நாம் கடன்வாங்கலாமா?

ஒரு படத்தை அரைகுறையாகப் பார்த்துத் தீர்ப்பெழுதினால் என்னவாகும் என்று இந்த நாட்டில் நம்மைவிட யாருக்குத் தெரியும்? 2019 ஏப்ரல் 21 க்குப் பிறகு எட்டு நாட்களில் முகத்திரை தடைசெய்யப்பட்டது. அரபு எழுத்து இருந்த பெயர்ப்பலகைகள் சந்தேகப் பொருளாயின. அந்த மே மாதத்தில் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவர் உடுத்திருந்த துணியில் கப்பற் சுக்கானின் படம் அச்சிட்டிருந்தது. தர்மச்சக்கரம் என்றார்கள். சுக்கானுக்கும் சக்கரத்துக்கும் வித்தியாசம் பார்க்கப் பொறுமையில்லாதவர்களால் ஓர் ஏழைப் பெண் விளக்கமறியலில் கிடந்தார். புடைவைக் கடையில் வாங்கிய துணி. உண்மையிலேயே வெறும் டிசைன்.

அன்று நாம் என்ன கேட்டோம்? தயவுசெய்து நின்று பாருங்கள், வாசித்துவிட்டுப் பேசுங்கள் என்று கேட்டோம். நமக்குக் கேட்ட நீதியை மற்றவருக்கும் கொடுப்பதுதான் நியாயம். எம்.ஐ.ஏ.யை நின்று பார்த்தால் 'அருளர்' மட்டும் தெரியாது. 2007 இல் தாயின் பெயரால் 'கலா' வந்தது. அதில் புலிக்குப் பதிலாக ஆபிரிக்கத் துணிகளை நினைவூட்டும் எரியும் நிறங்கள், நடுவில் அவர் உருவம், சுற்றிவரப் போராடச் சொல்லும் சொற்கள். மொழிதெரியாத ஊரில் தையல்வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்த தாயின் பெயர் அது. அரண்மனை வழங்கும் பதக்கங்களின் பட்டிகளைக்கூட அந்தக் கைகள் தைத்தனவென்று, 2019 இல் தனக்கு அரச விருது அறிவிக்கப்பட்டபோது மகள் சொன்னார். தையற்காரனின் மகனாகிய நான் அதை வாசித்துவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தேன்.

2010 இல் வந்த 'மாயா'வின் உறைதான் என் கணக்கில் அவருடைய உறைகளுள் சிறந்தது. முகம் ஏறக்குறைய முழுவதும் மூடப்பட்டிருக்கிறது. மூடியிருப்பது துணியன்று; யூடியூப் காணொளிகளின் அடியில் ஓடும் பட்டைகள். அடுக்கடுக்காக. இடையில் கண்கள் கொஞ்சம் தெரிகின்றன. உலகம் முழுதும் பார்க்கும் ஒருத்தியை உலகம் பார்க்கும் முறையே எப்படி மறைத்துவிடுகிறது என்று ஒரு சொல்லுமில்லாமல் சொன்ன படம். முகம் மறைத்த பெண்ணைப் பார்த்தவுடன் ஆயிரம் கதை கட்டுபவர்களுக்கு அதைக் காட்டவேண்டும். புலியை வரைந்தபோது அவர் ஒரு சின்னத்தை வாங்கிப் பயன்படுத்தினார். இதில்தான் சின்னம் எப்படி வேலைசெய்கிறது என்று யோசித்தார். வளர்ச்சி என்பது இதுதான். பிரசாரகர் எவரும் இப்படி வளர்வதில்லை.

*

அப்படியானால் என் குறை என்ன?

தந்தை, தாய், தன் செல்லப்பெயர், 2013 இல் 'மாதங்கி' என்று தன் முழுப்பெயர். நான்கு இசைத்தட்டும் ஒரு குடும்பப் படத்தொகுப்பு. யாழ்ப்பாணம் அந்தத் தொகுப்பின் பின்னணித் திரை. எம்.ஐ.ஏ. என்ற மூன்றெழுத்துக்கே போரில் காணாமற்போனவர் என்று பொருள். ஆனால் உலகத்தின் கண்ணில் யாழ்ப்பாணத்துக்கு இன்று ஒரு படம் உண்டென்றால், அது பனை, துப்பாக்கி, புலி என்ற அந்த வரிசைதான். அதில் சோனகத் தெரு இல்லை. ஐந்து சந்தி இல்லை. லொறிக்காரர், இரும்புக் கடைக்காரர், தையற்காரர் இல்லை. தகரத்தில் வெட்டப்படாத இடத்தில் நாங்கள் நின்றோம். மை எங்கள் மேல் விழவேயில்லை.

இதற்கு யாரைக் கேட்பது? அந்தப் பெண்ணிடம் பாதிக் கேள்வியைக் கேட்டுவிட்டேன். மிச்சப் பாதி நமக்கு. முப்பத்தைந்து ஆண்டுகள். கவிதை எழுதினோம். சிறுகதை எழுதினோம். அறிக்கை விட்டோம். ஒக்டோபர் தோறும் கூட்டம் வைத்தோம். ஒரு படம் செய்தோமா? பார்த்தவுடன் "இது யாழ்ப்பாண முஸ்லிம்கள்" என்று ஓர் அந்நியன் சொல்லக்கூடிய ஒரேயொரு படம்?

வீட்டு அலுமாரியிலுள்ள நம் கவிதைத் தொகுதிகளை எடுத்து மேசையில் பரப்பிப் பாருங்கள். பிறை. மினாரா. சூரிய அஸ்தமனம். மெழுகுதிரி. கண்ணீர்த்துளியோடு ஒரு கண். உள்ளே அகதிமுகாமின் சேறு பற்றிய கவிதை. வெளியே இணையத்தில் இறக்கிய சுவிற்சர்லாந்துப் பூந்தோட்டம். என் சொந்தச் சிறுதொகுப்புக்கும் இதே கதிதான். நான் கொடுத்த படத்தை அச்சகத்தார் தொலைத்துவிட்டு, கணினியில் கிடந்த ரோசாப்பூ ஒன்றைப் போட்டு முடித்தார்கள். அதைவிட வெட்கம், நான் ஒரு சொல்லும் சொல்லாமல் பிரதிகளை வாங்கிவந்ததுதான். அட்டை பற்றிப் பேசுவது அற்ப விடயமென்று எனக்கும் தோன்றியிருந்தது. 'அருளர்' உறை எனக்குக் கற்பித்த பாடம் அது அற்பமல்ல என்பது. பாட்டைக் கேளாதவரும் உறையைப் பார்த்தார்கள். என் மாணவனுக்கு அந்தப் பாடல்களில் ஒன்றின் சொல்லும் விளங்காது. படம் விளங்கியது.

உருவம் வரைவது ஆகாது என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. போகத் தேவையுமில்லை. உயிருள்ள எதையும் வரையாமலே இந்தக் கதையைச் சொல்லலாம். அரபுத் தமிழ் என்று ஓர் எழுத்துமுறையை நம் முன்னோர் நூற்றாண்டுகளாக எழுதினார்கள். தமிழ் ஒலிக்கு அரபு வடிவம் கொடுத்த அந்த எழுத்தைவிட, நாம் யார் என்பதைக் கண்ணுக்குக் காட்டும் பொருள் வேறென்ன வேண்டும்? அதை ஒரு நூலின் அட்டையில் எங்கேயாவது கண்டீர்களா? பொருட்கள் இருக்கின்றன. சாவியைச் சொல்வார்கள். சாவி பலஸ்தீனருடையது, அவர்கள் அதை இரத்தம் கொடுத்துத் தங்கள் சின்னமாக்கினார்கள். அதை எடுத்து ஒட்டிக்கொள்வதும் ரோசாப்பூ ஒட்டுவதும் ஒன்றுதான். நமக்கென்று நம் வீட்டிலேயே ஏதாவது கிடக்கும். தேடவேண்டும்.

எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. அந்தக் காலை வாப்பா கடையில் வெட்டுமேசையில் நின்றார். அளவுக்கு வெட்டிய கடதாசிகள் ஆணியில் தொங்கின. அவையும் ஒருவகை ஸ்ரென்சில்தான், மனிதரின் தோளுக்கும் மார்புக்கும் வெட்டியவை. ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டு எழுந்துவந்தார். மெஷினை விட்டார், துணியை விட்டார், வாடிக்கைக்காரரின் முடியாத சேர்ட்டுகளை விட்டார். ஐந்து சந்தியில் எல்லோரையும் சோதித்தார்கள். புத்தளம் வந்து சேர்ந்து, அஸருக்கு வுழூ எடுக்கக் குனிந்தபோதுதான் கழுத்தில் அளவுநாடா தொங்குவதை அவரே கண்டார். அதை எடுக்கவேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை; அதற்குப் பெறுமதியில்லை. பிறகு அதே நாடாவை வைத்துத்தான் முகாமில் அடுத்த இயந்திரம் கிடைக்கும்வரை ஊசியால் தைத்துக் கொடுத்தார். இருபது அங்குலம்வரை எண்கள் தேய்ந்துவிட்டன. ஒரு முனையில் பித்தளைத் தகடு இன்னும் இருக்கிறது.

அதை இந்தத் தவணையில் வகுப்புக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்து, எல்லோரையும் வரையச் சொன்னேன். புலி வரைந்த பையன் மற்றவர்களைவிட நன்றாக வரைந்தான். தேய்ந்த எண்களைத் தேய்ந்தபடியே விட்டிருந்தான். "இது ஆற்ற சேர்?" என்று கேட்டான். பாடவேளை முடிய மணி அடித்தும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் பிறந்த ஊரிலிருந்து சில மைல் தூரத்தில் நடந்த விடயம் அவனுக்கு அன்றுதான் முதன்முதலில் தெரியவந்தது.

இந்த இதழின் ஆசிரியருக்கும், நூல் வெளியிட இருக்கும் நண்பர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். வரும் ஒக்டோபர் இதழுக்கு என்னிடம் கவிதை கேட்காதீர்கள். அந்தப் பையனின் படத்தை அனுப்புகிறேன். ரோசாப்பூவை எடுத்துவிட்டு அதை அட்டையில் போடுங்கள்.